‘கேன்’ சார்ஜரும் மடுல்கெல்ல கரண்டும்

கண்டி டவுன்ல போன் சாமான் விற்கிற கடை எதுலயாவது போய் நில்லுங்க. கண்ணாடிக்குப் பின்னால அடுக்கி வச்சிருக்கிற சார்ஜர் பெட்டிகள்ல பாதிக்கு மேல ஜி, ஏ, என் என்று மூணு எழுத்து பெரிசா இருக்கும். அதைச் சேர்த்து ‘கேன்’ என்று வாசிக்கிறாங்க. கடைக்காரர் சொல்லுவார்: “இது கேன் சார்ஜர் தம்பி. சூடாகாது, கரண்டு பில்லு குறையும், அரை மணித்தியாலத்துல போன் ஃபுல்.” இந்த மூணுல முதலாவது பாதி உண்மை. இரண்டாவது, நம்ம வீட்டுக் கணக்குல, உண்மையே இல்லை. மூணாவது உங்க போனைப் பொறுத்தது, சார்ஜரைப் பொறுத்தது மட்டும் இல்லை.

ஆனா இந்த எழுத்துக்குப் பின்னால இருக்கிற காலியம் நைட்ரைடு ட்ரான்சிஸ்டர் வெறும் விளம்பரச் சரக்கு இல்லை. கடந்த முப்பது வருஷத்துல மின்னணுவியல்ல நடந்த பெரிய மாற்றங்கள்ல அதுவும் ஒண்ணு. என் கருத்து இதுதான்: இந்த ட்ரான்சிஸ்டரால நம்ம பக்கத்துக்கு வரக்கூடிய நன்மை போன் டவர்லயும் சோலார் பெட்டியிலயும் பேட்டரியிலயும் இருக்கு. சார்ஜர் பெட்டியில அது ரொம்பக் கொஞ்சம். அதோட இந்தச் சாமான் நம்ம ரிப்பேர் கடைப் பிள்ளைகளோட பிழைப்புல கை வைக்குது. அதைப் பற்றி யாரும் பேசுறதா தெரியலை.

முதல்ல சாமான் என்னன்னு பார்ப்போம். நம்ம தாத்தாமாருக்கு ட்ரான்சிஸ்டர் என்றால் ரேடியோ. இலங்கை வானொலி கேட்ட அந்தத் தோல் உறை போட்ட பெட்டிக்கே அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. உண்மையில ட்ரான்சிஸ்டர் என்பது அந்தப் பெட்டிக்குள்ள இருந்த ஒரு பொடிச் சாமான். கரண்டைத் திறக்கிற, மூடுற, கூட்டுற, குறைக்கிற ஒரு கதவு. அரை நூற்றாண்டுக்கு மேல அந்தக் கதவைப் பெரும்பாலும் சிலிக்கன்லதான் செஞ்சாங்க.

காலியம் ஒரு உலோகம். மெண்டலீவ் 1871ல இப்படி ஒரு தனிமம் இருக்கணும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். 1875ல பிரான்சுக்காரர் ஒருத்தர் கண்டுபிடிச்சார். 29.76 பாகை செல்சியஸ்ல உருகிடும். மடுல்கெல்லயில மேசை மேல வச்சா கட்டியா இருக்கும், அதையே கொழும்புக்குக் கொண்டு போய் மத்தியானம் வெளிய வச்சா குழம்பாயிடும். நைட்ரைடு என்பது நைட்ரஜனோட சேர்ந்தது. நைட்ரஜனுக்கு அந்தப் பேர் வந்ததே ‘நைட்டர்’ என்ற வெடியுப்புல இருந்துதான். நம்ம பக்கத்துலயே நைட்டர் கேவ் என்று தோட்டம் இருக்கே, அதே நைட்டர். நக்கிள்ஸ் பக்கத்து வெடியுப்புக் குகையைப் பற்றி ஜோன் டேவி 1821ல வெளிவந்த தன்னோட இலங்கைப் புத்தகத்துல எழுதியிருக்கார். காலியம் நைட்ரைடுக்கும் அந்தக் குகைக்கும் இதைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. சொல்லாம விட மனசு வரலை, அவ்வளவுதான்.

இந்தப் பொருள் நம்ம லயங்களுக்கு ஏற்கனவே வந்தாச்சு என்றால் நம்புவீங்களா? கூரையில தொங்குற எல்.ஈ.டி. பல்புக்குள்ள நீல வெளிச்சம் தர்ற சில்லு காலியம் நைட்ரைடு குடும்பம்தான். அந்த நீலத்துக்கு மேல மஞ்சள் பூச்சு பூசினா நமக்கு வெள்ளையாத் தெரியும். அந்த நீல வெளிச்சத்தை உண்டாக்கினதுக்குத்தான் அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூணு பேருக்கும் 2014ல பௌதிகவியல் நோபல் பரிசு கொடுத்தாங்க. குப்பி விளக்குல படிச்ச தலைமுறைக்கும் எல்.ஈ.டி.யில படிக்கிற தலைமுறைக்கும் நடுவுல இருக்கிறது இந்தப் பொருள். வெளிச்சமா வந்தது நல்லபடியா வந்துச்சு. இப்போ கதவா வருது. அதையும் கொஞ்சம் விசாரிச்சுத்தான் உள்ள விடணும்.

கதவா அது ஏன் நல்லது? இதைக் கொஞ்சம் பொறுமையாச் சொல்றேன், ஏன்னா மத்ததெல்லாம் இதுல இருந்துதான் வருது.

பழைய போன் சார்ஜர் ஞாபகம் இருக்கா? கல்லு மாதிரி கனமா, பிளக்குல மாட்டினா கீழ தொங்கும். உள்ள இரும்புத் தகடும் செம்புக் கம்பியும் வச்ச ட்ரான்ஸ்போமர். நம்ம கரண்டு செக்கனுக்கு 50 தடவை அலையுது. அவ்வளவு மெதுவா அலையிறப்போ, ஒவ்வொரு தடவையும் நிறையச் சக்தியைத் தூக்கிப் போட வேண்டியிருக்கு, அதனாலதான் அந்தக் கனம். பீலியில இருந்து வீட்டுக்குத் தண்ணி கொண்டு வர்றதை யோசிங்க. மணிக்கு ஒரு தடவைதான் போகலாம் என்றால் பெரிய குடம் வேணும். நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடுவேன் என்றால் செம்பு போதும். பிறகு வந்த சார்ஜர்கள் இந்த வேலையைத்தான் செஞ்சுது. 230 வோல்ட்டை முதல்ல நேரோட்டமா மாத்தி, அதைச் செக்கனுக்கு அறுபதாயிரம், ஒரு லட்சம் தடவை வெட்டி வெட்டி அனுப்பும். ட்ரான்ஸ்போமர் நெருப்புப் பெட்டி அளவுக்குச் சுருங்கிடுச்சு.

அப்போ இன்னும் வேகமா வெட்டினா இன்னும் சின்னதாகுமே? ஆகும். ஆனா சிலிக்கன் கதவு ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் கொஞ்சம் சக்தியைச் சூடா வீணாக்கும். வேகம் கூடக் கூட சூடும் கூடும். காலியம் நைட்ரைடு வந்து நிக்கிற இடம் இதுதான். சிலிக்கனைவிட சுமார் பத்து மடங்கு மின்புலத்தை அது உடையாம தாங்கும். அதனால அதே வோல்ட்டை மறிக்க ரொம்பக் குட்டிக் கதவு போதும். குட்டிக் கதவைத் திறந்து மூடக் குறைஞ்ச சக்தி போதும். இன்னொண்ணு: காலியம் நைட்ரைடு மேல அலுமினியம் கலந்த ஒரு மெல்லிய படலம் வச்சா, இரண்டும் சேர்ற இடத்துல எலக்ட்ரான்கள் ஒரு தகடு மாதிரி தானாகவே கூடும். சிலிக்கன்ல கலக்கிற மாதிரி வேற அணுக்களை அந்த இடத்துல கலக்க வேண்டியதில்லை, அதனால எலக்ட்ரானுக்கு முட்டி மோதுற தொல்லை குறைவு. பெரட்டுக்கு முன்னால வெறிச்சோடிக் கிடக்கிற ரோட்டுல சைக்கிள் விடுற மாதிரி ஓடும். 1993ல ஆசிப் கானும் அவரோட வேலை செஞ்சவங்களும் இந்த அமைப்புல முதல் ட்ரான்சிஸ்டரைச் செஞ்சு காட்டினாங்க. 2010 வாக்குல அது கடையில வாங்கக்கூடிய சாமானாச்சு. 2018ல இருந்து போன் சார்ஜருக்குள்ள வந்துடுச்சு.

எவ்வளவு சுருங்கும் என்பதுக்கு ஒரு கணக்கு இருக்கு. கூகிளும் ஐ.ஈ.ஈ.ஈ. என்ற பொறியியலாளர் சங்கமும் 2014ல ஒரு போட்டி வச்சாங்க. 2 கிலோவாட் சோலார் இன்வேட்டர், அதாவது வீட்டுக் கூரைக்கு ஓரளவு போதுமான ஒண்ணு, 40 கன அங்குலத்துக்குள்ள அடங்கணும். பரிசு பத்து லட்சம் டொலர். சாதாரணமா அந்த அளவு இன்வேட்டர் ஒரு சூட்கேஸ் பக்கம் வரும். 2016ல பரிசு வாங்கின பெல்ஜியம் குழு அதைச் சுமார் 14 கன அங்குலத்துக்குள்ள கொண்டு வந்துடுச்சு. அது கிட்டத்தட்ட 230 மில்லிலீற்றர், ஒரு கோப்பை தேத்தண்ணி அளவு. நூறு மணித்தியாலம் ஓட விட்டுச் சோதிச்ச பிறகுதான் பரிசு. அந்தக் கோப்பைக்குள்ள வேலை செஞ்சது காலியம் நைட்ரைடு ட்ரான்சிஸ்டர்கள்.

இப்போ கடைக்காரர் சொன்ன “பில்லு குறையும்” கதைக்கு வருவோம். ஒரு சாதாரண போன் பேட்டரி 5000 மில்லிஆம்பியர்-மணி என்று வைங்க. சக்தியாப் பார்த்தா சுமார் 19 வாட்-மணி. தினமும் ஒரு தடவை முழுசா ஏத்துறீங்க. நல்ல சிலிக்கன் சார்ஜர் நூத்துக்கு 85 பங்கு சக்தியைப் போனுக்குக் கொடுக்குது, கேன் சார்ஜர் 92 பங்கு கொடுக்குது என்று வச்சாலும், மிச்சம் ஒரு நாளைக்கு இரண்டு வாட்-மணிகூட வராது. 365 நாளைக்கும் கூட்டினா சுமார் 0.6 யூனிட். வருஷம் முழுக்க ஒரு யூனிட்கூட இல்லை! 2022 ஆகஸ்ட்லயும் 2023 பெப்ரவரியிலயும் அடுத்தடுத்து கரண்டுக் கட்டணம் ஏறின பிறகு, பில்லு குறையும் என்று யார் சொன்னாலும் காது நீளுது. அது இயல்பு. ஆனா இந்த விஷயத்துல நீட்ட வேண்டாம். லெப்டொப், போன் எல்லாத்துக்கும் ஒரே சின்ன சார்ஜர் வேணும், கம்பஸுக்குப் பையில கொண்டு போகணும் என்றால் வாங்குங்க, அது நல்ல காரணம். 20 வாட் போன் சார்ஜர் மட்டும் வேணும் என்றால், நல்ல தரமான சிலிக்கன் சார்ஜரே தாராளம்.

இதே கணக்கை ஒரு போன் டவருக்குப் போட்டுப் பாருங்க. ஒரு டவர் இராப்பகலா ஒரு கிலோவாட் இழுக்குது என்று வைப்போம். நாளைக்கு 24 யூனிட். அதுல நூத்துக்கு ஐஞ்சு மிச்சம் பிடிச்சா நாளைக்கு 1.2 யூனிட், வருஷத்துக்கு 438 யூனிட். டவர்ல அலையைப் பெருக்கி அனுப்புற ஆம்ப்ளிஃபயர்தான் கரண்டு தின்னி. அதுக்குள்ள பழைய சிலிக்கன் ட்ரான்சிஸ்டருக்குப் பதிலா காலியம் நைட்ரைடு வர்றது 5ஜி கருவிகள்ல இன்றைக்குச் சாதாரணம். உயர்ந்த அலைவரிசையில சிலிக்கன் திணறுற இடத்துல இது திணறாம நிக்கும். ராணுவ ராடாருக்கும் இதே காரணத்துக்காகத்தான் இதை முதல்ல வாங்கினாங்க.

438 யூனிட்டால கம்பெனிக்குத்தானே லாபம், நமக்கு என்ன என்று கேட்பீங்க. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்போ கண்டி மாவட்டம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். மண்ணு சரிஞ்ச இடங்களுக்குப் பாதையும் இல்லை, கரண்டும் இல்லை, கடைசியில சிக்னலும் இல்லை. டவருக்குக் கீழ 48 வோல்ட் பேட்டரி வரிசை ஒண்ணு இருக்கும். கரண்டு போனா அதுல இருந்துதான் ஓடும். அது எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்பது, டவர் எவ்வளவு இழுக்குது என்பதைப் பொறுத்தது. அதே பேட்டரியை வச்சுக்கிட்டு, இழுக்கிறதை நூத்துக்கு இருபது குறைக்க முடிஞ்சா, எட்டு மணித்தியாலம் தாங்கினது பத்து மணித்தியாலம் தாங்கும். மேல் டிவிஷன்ல இருக்கிற ஒருத்தர் “நாங்க இங்க இருக்கோம்” என்று சொல்ல அந்த இரண்டு மணித்தியாலம் போதும். வத்தேகமைக்கு மேல ஏறினா டவர் அடர்த்தி குறைவு. ஒண்ணு போனா அதுக்குப் பதில் சொல்ல இன்னொண்ணு பக்கத்துல இல்லை. அதனால காலியம் நைட்ரைடு கருவி முதல்ல வர வேண்டியது கொழும்பு ஏழுக்கு இல்லை, இந்த மாதிரி மலைத் தலைப்புகளுக்குத்தான். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஒரு டவருக்கு இவ்வளவு மணித்தியாலம் பேட்டரி தாங்கணும் என்று கேட்கிறப்போ, அந்தக் கேள்வியை மலைநாட்டுக்குத் தனியா, கடுமையாக் கேட்கணும்.

அடுத்தது சோலாரும் பேட்டரியும். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை உப மின்நிலையத்துல குரங்கு ஒண்ணு பட்டு நாடே இருட்டாச்சு. உலகமே சிரிச்சது. அதே வருஷம் சித்திரைப் புத்தாண்டு சமயத்துல, பகல்ல தேவை குறைவு, கூரை சோலாரை அணைச்சு வைங்க என்று மின்சார சபை மக்களைக் கேட்டது. வெயில் கொட்டுற நேரத்துல கரண்டை வேண்டாம் என்று சொல்லிட்டு, இரவுல டீசல் எரிக்கிறோம். பேட்டரி வந்தால்தான் இந்தக் கூத்து தீரும். பேட்டரியில ஒரு சூட்சுமம் இருக்கு: கரண்டு உள்ள போகும்போது ஒரு தடவை மாத்தணும், வெளிய வரும்போது இன்னொரு தடவை மாத்தணும். சோலார் தகட்டுல இருந்து வீட்டு பல்பு வரைக்கும் மூணு, நாலு தடவை கை மாறுது. கை மாறுற இடத்துல எல்லாம் கொஞ்சம் சிந்தும். ஒவ்வொரு இடத்துலயும் நூத்துக்கு இரண்டு சிந்தாமப் பிடிச்சா, நாலு இடத்துல எட்டு. மாத்துற வேலை இராப்பகலா, திரும்பத் திரும்ப நடக்கிற இடத்துலதான் இந்த ட்ரான்சிஸ்டரோட பெறுமதி கூடுது. நாளைக்கு ஒரு மணித்தியாலம் ஓடுற சார்ஜர் அப்படிப்பட்ட இடம் இல்லை.

எல்லாத்துக்கும் இதுதான் மருந்து என்று சொல்லவும் வரலை. தேயிலை ஃபேக்டரியில கொழுந்து வாட்டுற தொட்டிகளுக்குப் பெரிய பெரிய காத்தாடி இருக்கு. இரவெல்லாம் ஓடும், நிறையக் கரண்டு இழுக்கும். அதுக்குக் காலியம் நைட்ரைடு வேண்டாம். மோட்டார் வேகத்தை மாத்துற சாதாரண சிலிக்கன் டிரைவ் ஒண்ணு போதும். காத்தாடிக்கு ஒரு கணக்கு உண்டு: வேகத்தை நூத்துக்கு இருபது குறைச்சா இழுக்கிற சக்தி கிட்டத்தட்டப் பாதியாகிடும். அந்த லாபம் வேகக் கட்டுப்பாட்டால வர்றது. உள்ள எந்தப் பொருள் இருக்கு என்பது அங்க இரண்டாம் பட்சம். அதே மாதிரி பெரிய மின்சாரக் கார், ஆயிரம் வோல்ட்டுக்கு மேல போற வேலைகள் எல்லாம் இன்றைக்கு சிலிக்கன் கார்பைடு என்ற இன்னொரு பொருளோட கையில இருக்கு. புதுப் பேரைக் கேட்டவுடனே எல்லாத்தையும் அதுகிட்டக் கொடுத்துட முடியாது.

இனி நம்ம கரண்டு. இதைத்தான் விளம்பரக்காரங்க சொல்ல மாட்டாங்க.

சித்திரை மாசமும், ஐப்பசி கார்த்திகையும் பின்னேரம் ஆனா இந்த மலைப் பக்கம் இடி எப்படி விழும் என்று சொல்லத் தேவையில்லை. லயத்துக்கு வர்ற லைன் நீளமானது, பழசு. ஒரு இணைப்புல இருந்து இழுத்து, அதுல இருந்து இன்னொண்ணு இழுத்து, நிலக் கம்பி இருக்கா இல்லையா என்று யாருக்கும் தெரியாத வயரிங் எத்தனை வரிசையில இருக்கு! இதுல நியூட்ரல் கம்பி ஒரு இடத்துல கழன்றா, 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் பக்கமும் வரலாம். கணக்குப் போட்டுப் பாருங்க. 230 வோல்ட் அலையோட உச்சி 325. சார்ஜருக்குள்ள ட்ரான்ஸ்போமர் திருப்பி அடிக்கிறது ஒரு 150 சேர்த்தா 475. 650 வோல்ட் தாங்குற ட்ரான்சிஸ்டர் ஜாலியா ஓடும். 400 வோல்ட் வந்தா உச்சி 565, 150ஐச் சேர்த்தா 715. முடிஞ்சுது கதை.

சிலிக்கன் ட்ரான்சிஸ்டர் இந்த மாதிரி அடி ஒண்ணு இரண்டைத் தாங்கும். வோல்ட் மீறினா ஒரு செக்கனோட பொடித் துண்டு நேரத்துக்குத் தன்னையே திறந்துவிட்டுச் சக்தியைக் கடத்திவிட்டு மறுபடி மூடிக்கும். காலியம் நைட்ரைடு ட்ரான்சிஸ்டருக்கு அந்தப் பழக்கம் இல்லை. எல்லையைத் தாண்டி ஓரளவு தாங்கும், அதையும் தாண்டினா செத்துப்போகும். கதவைத் திறக்கிற முனையும் நுணுக்கமானது. சிலிக்கன்ல 20 வோல்ட் வரை பொறுக்கும், இதுல பலதுக்கு ஆறு ஏழு வோல்ட்டுக்கு மேல ஆகாது. இது தெரியாத விஷயம் இல்லை. பவர் இன்டக்ரேஷன்ஸ் கம்பெனி 2023லயே 900 வோல்ட், 1250 வோல்ட் தாங்குற காலியம் நைட்ரைடு சாமான் வெளியிட்டாச்சு. ஆனா மலிவு சார்ஜர் செய்யிறவர் அதைப் போடுவாரா? ட்ரான்சிஸ்டர் மட்டும் தாங்கியும் பிரயோசனம் இல்லை. பக்கத்துல இருக்கிற 400 வோல்ட் கப்பாசிட்டர் அதுக்கு முன்னாலேயே வெடிச்சிடும். முன்வாசல்ல ஃபியூஸ், வாரிஸ்டர் என்ற காவல்காரங்க இருக்கணும். அவங்களைத்தான் விலை குறைக்கிறப்போ முதல்ல வீட்டுக்கு அனுப்புறாங்க.

எங்க வரிசையில ஒரு அண்ணன் டவுன்ல வாங்கின ‘கேன் 65 வாட்’ சார்ஜர் ஒரே ஒரு இடிக்குச் செத்துப்போச்சு. திறந்து பார்த்தோம். காலியம் நைட்ரைடு மருந்துக்கும் இல்லை. தடியா, மூணு காலோட ஒரு சாதாரண சிலிக்கன் மோஸ்ஃபெட். வாரிஸ்டருக்குப் பலகையில இடம் விட்டிருக்கு, ரெண்டு ஓட்டையும் இருக்கு, சாமான் இல்லை. எழுத்து மட்டும்தான் கேன். ஆக, கடையில பெட்டியைப் பார்க்கிறப்போ மூணு எழுத்தை விட்டுடுங்க. 65 வாட் என்று போட்டும் அளவும் விலையும் நம்ப முடியாத மாதிரி இருந்தா சந்தேகப்படுங்க. உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கா, தரச் சான்று இருக்கா, கடைக்காரர் உத்தரவாதத்தை எழுத்துல தருவாரா என்று பாருங்க. இடி இடிக்கிற நேரம் பிளக்கைக் கழட்டுங்க. எந்த நூற்றாண்டுச் சாமானுக்கும் அதுதான் நல்ல காவல்.

மின்னல் அடியைச் சமாளிக்கிற ஆராய்ச்சியில நம்ம பக்கத்துக் கம்பஸ்ல படிச்ச ஒருத்தரோட பேர் இருக்கு. பேராதனையில பொறியியல் படிச்சு, ஆதர் சி. கிளார்க் நிலையத்துல வேலை பார்த்து, பிறகு நியூசிலாந்து வைக்காட்டோ பல்கலைக்கழகத்துக்குப் போன நிஹால் குலரத்ன. சுப்பர்கப்பாசிட்டர் என்ற பேட்டரிக்கும் கப்பாசிட்டருக்கும் நடுவான சாமானை வச்சு, இடியோட வர்ற அதிர்ச்சிச் சக்தியை உறிஞ்சிக்கிற ஒரு முறையைக் கொண்டு வந்தார். அது அவுஸ்திரேலியாவுல விற்பனைப் பொருளாவே வந்துடுச்சு. இடி அதிகமா விழுற நம்ம மலையில இது இன்னும் பேச்சுக்குக்கூட வரலை என்பது எனக்கு வேடிக்கையா இருக்கு.

கடைசியா ரிப்பேர் விஷயம். உயர்தரத்துக்குப் பிறகு கம்பஸ் கிடைக்காத நம்ம பிள்ளைகள் எத்தனை பேர் போன் ரிப்பேர் கடைகள்ல இருக்காங்க என்று எண்ணிப் பாருங்க. கண்டி, கட்டுகஸ்தோட்டை, கொழும்பு வரைக்கும் இருக்காங்க. என்.வி.கியூ. கோர்ஸ் ஒண்ணு, மத்தது பார்த்துப் பழகினது. சார்ஜர், டி.வி. பவர் போர்ட், டி.வி.டி. எல்லாம் அவங்க கையால உயிர் பெறும். காரணம் சிலிக்கன் ட்ரான்சிஸ்டர் மூணு காலோட நிக்கும். ஈயம் உருக்கிற சாதாரண கோல் ஒண்ணு இருந்தா பழசைக் கழட்டி, செத்த டி.வி.யில இருந்து எடுத்த இன்னொண்ணைப் போட்டுடலாம்.

காலியம் நைட்ரைடு அப்படி வராது. அதோட வேகத்துக்கு நீளமான கால் ஆகாது. ஒரு சென்டிமீற்றர் கம்பிகூட அந்த வேகத்துல தொல்லை கொடுக்கும். அதனால கால் இல்லாம, நகம் அளவுல, பலகையோட ஒட்டிப் படுத்திருக்கும். ஈயம் அடிவயித்துல. பலதுல கட்டுப்படுத்துற சில்லும் அதே உறைக்குள்ளதான். சார்ஜருக்குள்ள சூடு பரவ பசை மாதிரி ஒண்ணை ஊத்தி மூடிடுவாங்க. திறக்கவே அரை நாள். சூட்டுக் காத்து அடிக்கிற ஸ்டேஷன், பூதக்கண்ணாடி, சரியான சாமான், எல்லாத்துக்கும் மேல மின்சுற்றுப் படம் வேணும். ஒண்ணும் இல்லை என்றால் “தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க” என்று சொல்றதைத் தவிர ரிப்பேர்காரருக்கு வேற வழி இல்லை. சார்ஜர் மட்டும் என்றால் பரவாயில்லை. நாளைக்கு சோலார் இன்வேட்டரும், மின்சார த்ரீவீலர் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இதே மாதிரி வந்தா, இரண்டு லட்சம் ரூபா சாமானுக்கும் அதே பதில்தான். சின்னதாச் செய்யிறது பொறியியலாளருக்கு வெற்றி. திறக்க முடியாமச் செய்யிறது யாருக்கு வெற்றி?

இதுக்காகப் புதுச் சாமானே வேண்டாம் என்று நான் சொல்லலை. அது எப்படியும் வரும். ஸ்மார்ட்போன் வந்தப்போவும் இதைத் திறக்கவே முடியாது என்றாங்க. இன்றைக்கு நம்ம பிள்ளைகள்தான் அதோட டிஸ்பிளேயை இருபது நிமிஷத்துல மாத்துறாங்க. பழகினாங்க, அவ்வளவுதான். ஆனா அதுக்குச் சூட்டுக் காத்து ஸ்டேஷனும் சொல்லித் தர ஆளும் கண்டியில கிடைச்சாங்க. தொழிற்பயிற்சிப் பாடத்துல இன்னும் பழைய சுற்றுகளையே வரைஞ்சுக்கிட்டிருந்தா, இந்தத் தடவை பழக்கமே வராது. பாடத்திட்டத்தை மாத்துறது கொழும்பு வேலை. அது நடக்கிறப்போ நடக்கட்டும். சோலார் இறக்குமதி செய்யிற கம்பெனிகள்கிட்ட சுற்றுப் படமும் உதிரிச் சாமானும் கேட்கிறது அரசாங்கத்தோட வேலை. மானியம் கொடுக்கிறப்போ, அனுமதி கொடுக்கிறப்போ கேட்டா கொடுப்பாங்க.

உலக நிலவரத்தையும் இந்த இடத்துல ஒரு வரியில சொல்லிடணும். காலியம் தனியாத் தோண்டி எடுக்கிற சாமான் இல்லை. பொக்சைட்டுல இருந்து அலுமினியம் எடுக்கிறப்போ கூடவே கொஞ்சம் வர்றது. உலகத்து முதல்நிலைக் காலியத்துல பெரும் பங்கு சீனாகிட்ட இருக்கு. 2023 ஆகஸ்ட் 1ல இருந்து அனுமதி இல்லாம ஏத்துமதி இல்லை என்று சொல்லிட்டாங்க. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல இந்தப் பொருளைப் பல வருஷமா வளர்த்துப் பழகி, அங்கிருந்து அக்னிட் என்று ஒரு கம்பெனியும் கிளம்பியிருக்கு. நம்ம நாடு சில்லு செய்யப் போறதில்லை. 2022ல டொலர் இல்லாம சாமான் கப்பல்ல நின்ற கதை மறக்கிற கதையா? வந்த சாமானைப் பத்து வருஷம் ஓட வைக்கத் தெரியிறதுதான் நம்மகிட்ட இருக்கிற ஒரே ஃபேக்டரி.

ஆக நம்ம குழுவுக்கு ஒரு யோசனை வைக்கிறேன். லீவு நாள் ஒண்ணுல, வாசிகசாலை அறையில, ஒரு பழைய சூட்டுக் காத்து ஸ்டேஷனும் இரண்டு மல்டிமீற்றரும் வச்சு உட்காருவோம். கட்டுகஸ்தோட்டையில கடை வச்சிருக்கிற இரண்டு பேர் வந்து சொல்லித் தரச் சம்மதிச்சிருக்காங்க. முதல் நாள் சும்மா திறந்து பார்க்கிறதுதான்: எது உண்மையான கேன், எது ஸ்டிக்கர் கேன், வாரிஸ்டர் எங்க, ஃபியூஸ் எங்க, சூடு எங்க தேங்குது. வாரிஸ்டர் இல்லாத சார்ஜருக்கு வாரிஸ்டர் வச்ச மல்டி பிளக் ஒண்ணு செய்யிறது இரண்டாம் நாள். அதுக்கு நிலக் கம்பி சரியா இருக்கணும், அதனால நாலு லயத்துல வயரிங்கைச் சோதிச்சுப் பார்க்கிறது மூணாம் நாள். அது மின்சாரப் பணியாளர் அனுமதிப்பத்திரம் இருக்கிற ஒருத்தரோட சேர்ந்துதான், தனியா யாரும் கை வைக்கக் கூடாது.

வீட்டுல செத்துப்போன சார்ஜர், எரியாத எல்.ஈ.டி. பல்பு, வேலை செய்யாத சோலார் லாம்பு இருந்தா குப்பையில போடாதீங்க. ஒரு உரப்பையில போட்டு வைங்க. எந்த மாசம் வாங்கினது, எப்படிச் செத்தது, இடியா, கரண்டு கூடினதா, சும்மாவா என்று ஒரு துண்டுல எழுதி உள்ள போடுங்க. பையை எடுக்க நாங்க வர்றோம்.